உண்மை காசினும் பெரிது: ஹவுஸா மொழியும் அதன் இதழியலும்

1939 ஜனவரி முதலாம் திகதி வட நைஜீரியாவில் ஒரு ஹவுஸா மொழிப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதன் பெயர் 'கஸ்கியா தா ஃபி குவாபோ'. கஸ்கியா என்றால் உண்மை. குவாபோ என்பது அன்று புழக்கத்திலிருந்த பென்னி நாணயம். 'உண்மை காசினும் பெரிது' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு மொழியின் பத்திரிகைத்துறை தன்னை அளந்து பார்ப்பதற்குரிய அளவுகோலைத் தனது பெயரிலேயே பொறித்துக்கொண்டு பிறப்பது அரிது. அவ்வளவுகோலைக் கொண்டே அப்பத்திரிகை தொடக்கி வைத்த மரபை மதிப்பிடுவது பொருத்தமாகும்.

ஹவுஸா மொழியைப் புதிய தலைமுறைக்குச் செம்மையாகக் கற்பிக்க வேண்டும், ஊடகங்களில் அதன் பயன்பாட்டைப் பெருக்க வேண்டும் என்ற குரல் அண்மைக் காலமாக உரத்து ஒலிக்கின்றது. 2015 முதல் ஆகஸ்ட் 26 ஆம் திகதி உலக ஹவுஸா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. இக்குரல் நியாயமானது. எனினும் அதில் ஒரு மயக்கம் கலந்திருக்கின்றது. ஒரு மொழியில் செய்தி வாசிக்கப்படுவதையும், அம்மொழியிலேயே செய்தி திரட்டப்பட்டு, விசாரிக்கப்பட்டு, எழுதப்படுவதையும் அது ஒன்றாகவே கருதுகின்றது. முன்னையதில் ஹவுஸா ஆபிரிக்காவின் மிகப் பலம் வாய்ந்த மொழிகளுள் ஒன்று. பின்னையதில் அது இன்னமும் வறுமைப்பட்டே இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தையே இக்கட்டுரை ஆராய முனைகின்றது.

மொழியும் அஜமி மரபும்

ஹவுஸா, ஆபிரிக்க-ஆசிய மொழிக் குடும்பத்தின் சாடிக் கிளையைச் சேர்ந்தது. அரபும் ஹீப்ருவும் அதற்குத் தூரத்து உறவுகள். வட நைஜீரியாவும் நைஜர் நாட்டின் தென்பகுதியும் அதன் தாயகம். வணிகர்களும் ஹஜ் பயணிகளும் அதனை மேற்கே கானாவின் 'ஸோங்கோ' குடியிருப்புகள் வரையும், கிழக்கே சாட், சூடான் வரையும் கொண்டு சென்றனர். இன்று கோடிக்கணக்கானோர் அதனைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். வேறு மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட கோடிக்கணக்கானோரும் சந்தையிலும் பயணத்திலும் அதனையே பொதுமொழியாகக் கொள்கின்றனர்.

இம்மொழியின் அறிவுச் சொற்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. எழுதுகோல் அங்கே 'அல்கலமி', புத்தகம் 'லித்தாஃபி', நீதிபதி 'அல்காலி', பத்திரிகை 'ஜரிதா', அரசியல் 'ஸியாஸா'. செய்தி என்பதற்குரிய 'லாபாரி' எனும் சொல்லும் 'அல்-அக்பார்' எனும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. அதே 'லாபாரி' ஹவுஸாவில் கதை என்றும் பொருள்படும். செய்திக்கும் கதைக்கும் ஒரே சொல்லை வழங்கும் இம்மொழியின் பத்திரிகைத்துறையை ஒரு கதாசிரியரே தொடக்கி வைத்தார் என்பதைப் பின்னர் காண்போம்.

1804 இல் ஷெய்க் உஸ்மான் தன் ஃபோதியோ அவர்கள் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் ஸொகோட்டோ கிலாஃபத்தாக மலர்ந்தது. அவரும் அவரது சகோதரர் அப்துல்லாஹி, புதல்வர் முஹம்மத் பெல்லோ ஆகியோரும் அறிஞர்களுக்கென அரபியில் எழுதினர். பொதுமக்களுக்கென ஃபுல்ஃபுல்டேயிலும் ஹவுஸாவிலும் செய்யுள்கள் இயற்றப்பட்டன. ஷெய்க் அவர்களின் மகளார் நானா அஸ்மாஉ (1793-1864) அரபு, ஃபுல்ஃபுல்டே, ஹவுஸா ஆகிய மூன்று மொழிகளிலும் புலமை பெற்ற கவிஞர். 'யான் தாரு' எனப்பட்ட பெண்களின் கல்விக் குழுக்களை அமைத்து, மனனம் செய்யத்தக்க செய்யுள்கள் வழியாக அவர் கிராமத்துப் பெண்களுக்கும் மார்க்கக் கல்வியைக் கொண்டு சேர்த்தார். அச்சும் வானொலியும் இல்லாத காலத்தில் ஒரு தகவல் வலையமைப்பு ஹவுஸா மொழியில் இயங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இச்செய்யுள்கள் அரபு எழுத்தில் எழுதப்பட்டன. இவ்வெழுத்து மரபு 'அஜமி' எனப்படும். அரபுத் தமிழை அறிந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. தமிழுக்கேயுரிய ஒலிகளுக்காக நமது முன்னோர் அரபு எழுத்துகளில் சில குறியீடுகளைச் சேர்த்து அர்வியை உருவாக்கியதைப் போன்றே ஹவுஸா அறிஞர்களும் தமது மொழியின் ஒலிகளை அரபு எழுத்துக்குள் கொண்டுவந்தனர். அவர்கள் பின்பற்றியது மக்ரிபி வரிவடிவம். அதில் 'ஃபா'வுக்குப் புள்ளி கீழேயும், 'காஃப்'புக்கு ஒரே புள்ளி மேலேயும் இடப்படும். அர்வியைப் போலவே அஜமியும் மத்ரஸாவிலும் வீட்டிலும் கடைக் கணக்கிலும் வாழ்ந்தது. அர்வியைப் போலவே அதுவும் நவீன அரசின் பார்வையில் எழுத்தறிவாகக் கொள்ளப்படாது போனது.

'போக்கோ' எனும் சொல்

1903 இல் கானோவும் ஸொகோட்டோவும் பிரித்தானியப் படைகளிடம் வீழ்ந்தன. புதிய ஆட்சி ஹவுஸாவை நிர்வாக மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் அதனை இலத்தீன் எழுத்தில் எழுத வேண்டும் என்று தீர்மானித்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்தவரும், ஹவுஸா மொழியில் வல்லவராதலால் 'தன் ஹவுஸா' (ஹவுஸாவின் மைந்தன்) என்று அழைக்கப்பட்டவருமான ஹான்ஸ் விஷர் 1909 இல் கானோவின் நஸ்ஸராவாவில் அரசாங்கப் பாடசாலையைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டல் விதிகளையும் வகுத்தார். கானோ வழக்கே எழுத்து மொழிக்கு அடிப்படையாயிற்று.

இலத்தீன் எழுத்து முறையும் அதனோடு வந்த கல்வியும் 'போக்கோ' என்று பெயர் பெற்றன. இச்சொல் 'புத்தகம்' என்பதன் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஹவுஸா மொழியியலாளர் பால் நியூமன் 2013 இல் எழுதிய ஆய்வில் இதனை மறுத்தார். போலி, பாசாங்கு எனும் பொருளில் வழங்கிய பழைய ஹவுஸாச் சொல்லே அது என்றும், மார்க்கக் கல்விக்கு எதிர்நிலையில் 'போலிக் கல்வி' என்று மக்கள் சூட்டிய பெயரே பின்னர் இயல்பான பெயராக நிலைத்தது என்றும் அவர் நிறுவினார்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2009 ஜூலை மோதல்களுக்குப் பின்னர், குறிப்பாக 2014 ஏப்ரலில் சிபோக் பாடசாலையிலிருந்து 276 மாணவியர் கடத்தப்பட்ட பின்னர், 'போக்கோ ஹராம்' எனும் பெயர் உலகெங்கும் ஒலித்தது. அவ்வியக்கம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு; இது மற்றவர்கள் சூட்டிய பெயர். சர்வதேச ஊடகங்கள் 'மேற்கத்திய கல்வி ஹராம்' என்ற ஒற்றை வரியில் அதனை மொழிபெயர்த்தன. அச்சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டுக் காலக் காயமும் ஐயமும் உறைந்திருப்பதை அவை கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அவ்வியக்கத்தின் நிறுவனர் முஹம்மத் யூஸுஃபின் கருத்துகளை வட நைஜீரிய உலமாக்கள் பல ஆண்டுகளாக ஹவுஸா மொழியிலேயே பகிரங்கமாக மறுத்து வந்தனர். அவர்களுள் முதன்மையான கானோவின் ஷெய்க் ஜஅஃபர் மஹ்மூத் ஆதம் 2007 ஏப்ரலில் கொலையுண்டார். அவ்வுரைகள் ஒலிநாடாக்களாகச் சந்தைகளில் கிடைத்தன. வரப்போகும் பேரழிவின் முன்னறிவிப்பு யாவரும் கேட்கத்தக்க மொழியில், யாவரும் வாங்கத்தக்க விலையில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய சர்வதேச ஊடகங்களுள் பெரும்பாலானவை துப்பாக்கிச் சத்தம் கேட்ட பின்னரே திரும்பிப் பார்த்தன. ஒரு மொழியைக் கற்காமல் விடுவதன் விலை எத்தகையது என்பதற்கு இதனினும் கசப்பான உதாரணம் தேவையில்லை.

கதாசிரியர் ஆசிரியரான கதை

1930களில் ஸாரியாவில் ரூபர்ட் ஈஸ்ட்டின் பொறுப்பில் இயங்கிய அரசாங்க நூற்பணியகம் ஹவுஸா மொழியில் கதை எழுதும் போட்டி ஒன்றை 1933 இல் நடத்தியது. நவீன ஹவுஸா உரைநடையின் முதல் ஐந்து நூல்கள் அதிலிருந்து பிறந்தன. அவற்றுள் ஒன்றான 'ஷைஹு உமர்' நூலை எழுதிய அபூபக்கர் தஃபாவா பலேவா பின்னாளில் நைஜீரியாவின் பிரதமரானார். மற்றொன்றான 'ருவான் பகஜா'வை எழுதியவர் கட்ஸினாவில் ஆசிரியப் பணி புரிந்த இளைஞர் அபூபக்கர் இமாம் (1911-1981). அவரே 1939 இல் 'கஸ்கியா'வின் முதல் ஆசிரியராக அமர்த்தப்பட்டார்.

இமாமின் சாதனையை இலக்கிய நோக்கில் மதிப்பிடுவோர் அவரது 'மகானா ஜாரி சே' கதைத் தொகுதிகளோடு நின்றுவிடுகின்றனர். அவரது பெரும் பணி பத்திரிகை உரைநடையே என்பது எமது கருத்து. அதுவரை எழுத்து ஹவுஸா என்பது ஒருபுறம் அரபுச் செய்யுள் இலக்கணத்தில் நடக்கும் மார்க்கப் பாடல். மறுபுறம் ஆங்கில அதிகாரியின் வாக்கியத்தைத் தலைகீழாகச் சுமக்கும் அரசாங்க அறிவித்தல். இவ்விரண்டுக்கும் இடையில், சந்தையில் அமர்ந்து பேசுபவரின் குரலை அச்சுக்குக் கொண்டுவந்தவர் இமாம். பழமொழியும் உவமையும் உரையாடலும் கலந்த அந்நடை, உலகப் போரின் செய்தியைக் கூட ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வது போல் சொல்லிற்று. 1943 இல் மேற்காபிரிக்கப் பத்திரிகையாளர் குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்று வந்த அவர், அப்பயணத்தை 'தஃபியா மபூதின் இல்மி' என்ற நூலாக எழுதினார். 'பயணம் அறிவின் திறவுகோல்' என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பாளர் எவரும் இடையில் நில்லாமல், ஒரு ஹவுஸா மனிதரின் கண் வழியாக ஹவுஸா வாசகர் ஐரோப்பாவைக் கண்டனர்.

ஆயினும் இமாமின் பத்திரிகையை முழுமையாகப் புகழ்ந்துவிட்டு நகர்வது நேர்மையாகாது. 'உண்மை காசினும் பெரிது' என்று பெயரிட்ட அப்பத்திரிகையின் காசு காலனித்துவ அரசினுடையது. 1945 இல் ஸாரியாவில் கஸ்கியா கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட பின்னரும் அந்நிலை அடிப்படையில் மாறவில்லை. எதை எழுதலாம், எவரை விமர்சிக்கலாம் என்பதற்கு எழுதப்படாத எல்லைகள் இருந்தன. சுதந்திரத்தின் பின்னர் அப்பத்திரிகை வட மாநில அரசின் நிறுவனத்தின் கீழ் வந்தது. எசமானர் மாறினாரேயன்றி நிலை மாறவில்லை. இமாம் தமது எல்லைகளுக்குள் நின்று மொழிக்குச் செய்த பணி பெரிது. ஆனால் ஹவுஸா இதழியல் பிறரது பணத்தில் வாழும் பழக்கமும் அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

காற்றலையில் வந்த மொழி

அச்சு வாசகரைவிடக் கேட்போரே மிகுந்த சமூகத்தில் வானொலி விரைவில் முதலிடம் பெற்றது. 1957 மார்ச் 13 இல் இலண்டனிலிருந்து பிபிசியின் ஹவுஸா ஒலிபரப்பு தொடங்கியது. 1963 இல் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே, 1979 இல் வாய்ஸ் ஒஃப் அமெரிக்கா, 2007 இல் பிரான்ஸின் ஆர்எஃப்ஐ என ஒன்றன்பின் ஒன்றாக ஹவுஸா சேவைகள் தோன்றின. உள்நாட்டில் 1962 இல் கடுனாவில் வட மாநில ஒலிபரப்புக் கம்பனி நிறுவப்பட்டது. 2003 இல் கானோவில் தனியாருக்குரிய ஃப்ரீடம் ரேடியோ வந்தது. மாடு மேய்ப்பவரின் தோளிலும், வீட்டுக்குள்ளிருக்கும் பெண்களின் அடுக்களையிலும் வானொலிப் பெட்டி இடம்பிடித்தது.

இவ்வொலிபரப்புகள் மொழிக்குச் செய்த நன்மையை மறுக்கவியலாது. வெவ்வேறு வழக்குகளைப் பேசுவோர் ஒரு பொதுவான செய்தி மொழிக்குப் பழகினர். உள்ளூர் அதிகாரி மறைத்ததை இலண்டன் சொல்லும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு, குறிப்பாக இலங்கை வாசகர்களுக்கு, இவ்வுணர்வு புரியும். யுத்த காலத்தில் பிபிசி தமிழோசைக்காகக் காத்திருந்த மாலைப் பொழுதுகளை நாம் மறக்கவில்லை. அவ்வொலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றபோது நம்மிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. வேறொரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் வாழும் ஒலிபரப்பு அந்நாட்டின் தேவை தீரும்போது தானும் தீர்ந்துவிடும்.

ஹவுஸா நேயர்களுக்கு அப்பாடம் அண்மையில் இரு திசைகளிலிருந்தும் கற்பிக்கப்பட்டது. 2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், ஆகஸ்டில் ஆர்எஃப்ஐ அங்கே தடை செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் பிபிசியின் வானொலி மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் வாஷிங்டனில் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணையினால் வாய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் ஒலிபரப்புகள் திடீரென முடங்கின. அதே 2025 மார்ச்சில் நைஜரின் இராணுவ ஆட்சி புதிய சாசனத்தின் மூலம் பிரெஞ்சு மொழியைக் கீழிறக்கி, ஹவுஸாவை நாட்டின் தேசிய மொழியாக அறிவித்தது. மொழி அரியணை ஏறியது. அம்மொழியில் கேள்வி கேட்ட குரல்களுக்கு வாய்ப்பூட்டு இடப்பட்டது. மொழிப்பற்றைக் கொண்டாடுவோர் இம்முரணைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு மொழிக்கு அரச அந்தஸ்து கிடைப்பதால் மட்டும் அம்மொழியின் இதழியலுக்குச் சுதந்திரம் கிடைத்துவிடுவதில்லை.

மொழிபெயர்ப்பின் பெருமையும் குறையும்

ஹவுஸா செய்தி மொழி பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர்களின் ஆக்கம். அதில் அழகான வெற்றிகள் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை ஹவுஸாவில் 'மஜாலிஸர் தின்கின் துனியா'. மஜ்லிஸும் துன்யாவும் நமக்குத் தெரிந்த சொற்கள். 'தின்கி' என்றால் தையல். உலகைத் தைத்து இணைக்கும் மன்றம் என்று அதனை விளங்கிக்கொள்ளலாம். விமானம் 'ஜிர்கின் ஸமா', வானத்துக் கலம். கணினி, மூளையுள்ள இயந்திரம். இவை மொழியின் உள்ளிருந்து பிறந்த ஆக்கங்கள்.

ஆனால் ஐ.நா.வின் பாதுகாப்புச் சபைக்கு வழங்கும் பெயரைப் பாருங்கள்: 'குவாமித்தின் ஸுல்ஹு'. அதாவது ஸுல்ஹுக்கான, சமாதானம் செய்து வைப்பதற்கான குழு. வீட்டோ அதிகாரமும் படை அனுப்பும் அதிகாரமும் கொண்ட ஓர் அமைப்பை, இரு குடும்பங்களின் பிணக்கைத் தீர்க்கும் ஜமாஅத்துப் பெரியவர்கள் போல் இப்பெயர் காட்டிவிடுகின்றது. செய்தியைக் கேட்பவர் அச்சபையிடம் எதை எதிர்பார்ப்பார், அது செயற்படாதபோது எதை விளங்கிக்கொள்வார் என்பதெல்லாம் இப்பெயரினால் பாதிக்கப்படுகின்றன. அதுபோலவே வடமேற்கு நைஜீரியாவில் கிராமங்களைச் சூறையாடும் ஆயுதக் கும்பல்கள் ஹவுஸாவில் 'யான் பிந்திகா', துப்பாக்கிக்காரர்கள் எனப்படுகின்றன. எல்லை மீறல் எனும் பொருள்தரும் அரபு வேரிலிருந்து வந்த 'யான் தஅத்தா' என்பது பயங்கரவாதிகளைக் குறிக்கும். நைஜீரிய அரசு 2022 ஜனவரியில் அக்கும்பல்களைப் பயங்கரவாதிகள் என்று சட்டப்படி அறிவித்தது. அதன்பின் இச்சொற்களில் எதைத் தெரிவது என்பது மொழிப் பிரச்சினை மட்டுமன்று, சட்டமும் அரசியலும் கலந்த பிரச்சினையுமாகும். அதனை ஆங்கில அறிக்கையை வைத்துக்கொண்டு அவசர அவசரமாக மொழிபெயர்க்கும் ஒருவரின் அந்நேரத்துத் தெரிவுக்கு விட்டுவிடலாகாது.

செய்தி நடந்து வரும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸம்ஃபாராவின் ஒரு கிராமத்தில் மகனை இழந்த தாய் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். அவள் தன் துயரத்தை ஹவுஸாவில் சொல்கின்றாள். நிருபர் அதனை ஆங்கிலத்தில் எழுதுகின்றார், ஏனெனில் அவர் இதழியலைக் கற்றது ஆங்கிலத்தில்; அவரது ஆசிரியபீடம் கேட்பதும் ஆங்கிலத்தையே. அவ்வறிக்கை மாலையில் ஒலிபரப்பு நிலையத்தில் மீண்டும் ஹவுஸாவாக்கப்பட்டு அத்தாயின் அயல் கிராமத்துக்கு வருகின்றது. ஹவுஸாவில் புறப்பட்டு ஹவுஸாவுக்கே வந்து சேர்ந்த அப்பயணத்தில் அவள் சொன்ன பழமொழியும், அவள் குறிப்பிட்ட உறவு முறையும், அவள் எவரைச் சுட்டினாள் என்ற நுட்பமும் உதிர்ந்துவிட்டிருக்கும். எஞ்சியிருப்பது எண்ணிக்கையும் அதிகாரியின் மறுப்பும் மட்டுமே.

எழுத்திலும் இக்கவனக்குறைவு தெரிகின்றது. இலத்தீன் ஹவுஸாவில் மூன்று எழுத்துகளுக்குக் கொக்கி போன்ற குறியிடுவது விதி. கொக்கியில்லாத 'க'வில் 'காயா' என்றால் சுமை, பொருட்கள். கொக்கியிட்ட 'க'வில் அது முள். கொக்கியிருந்தால் 'கஸா' நாடு. இல்லையேல் அது இயலாமையைக் குறிக்கும் வினை. தட்டச்சு வசதியில்லை என்ற காரணத்தால் செய்தித் தாள்களிலும் பின்னர் கணினியிலும் இக்கொக்கிகள் தாராளமாகக் கைவிடப்பட்டன. தமிழில் 'பள்ளி'யையும் 'பல்லி'யையும் ஒரே எழுத்தால் எழுதிவிட்டு, வாசகர் இடம் நோக்கி விளங்கிக்கொள்வார் என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். தமிழாக இருந்தால் நாம் பொறுப்போமா?

கற்பித்தல் எனும் கடமை

மொழியைக் கற்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்று சொல்லிவிடுவது எளிது. நைஜீரியாவின் 1999 அரசியலமைப்பின் 55 ஆவது பிரிவு, பாராளுமன்றம் ஆங்கிலத்திலும், போதிய ஏற்பாடுகள் செய்யப்படும்போது ஹவுஸா, இக்போ, யொரூபா மொழிகளிலும் இயங்கும் என்று கூறுகின்றது. அந்தப் 'போதிய ஏற்பாடுகள்' கால் நூற்றாண்டாகியும் வந்து சேரவில்லை. 2022 நவம்பரில், ஆரம்பப் பாடசாலையின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழியில் கற்பிக்கப்படும் என்ற மொழிக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 நவம்பரில் கல்வி அமைச்சர் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில் ஒரு தலைமுறைக்கு அளித்த வாக்குறுதி வந்தும் போயிற்று.

அஜமியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1980களில் கானோ மாநில அரசின் ட்ரையம்ப் நிறுவனம் 'அல்ஃபிஜிர்' எனும் அஜமிப் பத்திரிகையை வெளியிட்டது. அம்முயற்சி வேரூன்றவில்லை. 2007 இல் சிறு மதிப்பு நைரா நோட்டுகள் புதிதாக அச்சிடப்பட்டபோது அவற்றிலிருந்த அஜமி வரி நீக்கப்பட்டு, இலத்தீன் எழுத்து ஹவுஸா இடம்பெற்றது. அதனை அரபு மொழி என்றும் ஒரு மதத்தின் அடையாளம் என்றும் கருதியோர் இருந்தனர். உண்மையில் அது பாடசாலைக்குச் செல்லாத சந்தை வியாபாரி பணத்தின் மதிப்பை வாசித்தறிந்த வரி.

இங்கே மறுபக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நைஜீரியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. வடக்கிலேயே பிளேட்டோ, தென் கடுனா ஆகிய பகுதிகளின் சிறு மொழிச் சமூகங்கள் ஹவுஸாவின் பரவலைத் தமது மொழிகள் விழுங்கப்படுவதாகவே அனுபவிக்கின்றன. ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை எதிர்த்துப் பேசும் ஹவுஸா ஆர்வலர், தமது மொழியே இன்னொருவருக்கு ஆங்கிலமாக இருப்பதை உணராவிட்டால் அவரது வாதம் வலுவிழந்துவிடும். பெரும்பான்மையினரின் மொழிப்பற்று சிறுபான்மையினரின் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதைத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் அனுபவத்தில் அறிவர்.

ஆகவே ஹவுஸாவை ஊக்குவித்தல் என்பது விழா எடுப்பதோடு முடிவதன்று. இதழியல் கற்கும் மாணவர் ஹவுஸாவிலேயே செய்தி எழுதவும், ஆவணங்களை ஆராயவும், அதிகாரியைக் கேள்வி கேட்கவும் பயிற்சி பெற வேண்டும். ஊடகச் சொல்லாக்கம் தனி மனிதரின் அவசரத்திலிருந்து விடுபட்டு, பேயரோ பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்களும் ஒலிபரப்பாளரும் கூடி ஆராயும் பணியாக வேண்டும். கொக்கியெழுத்துகளும் அஜமியும் பாடசாலையில் ஒருங்கே கற்பிக்கப்பட்டால் இரு வகை எழுத்தறிவு பெற்றோரும் ஒரே வாசகர் கூட்டமாவர். வட நைஜீரியா பற்றி எழுத வரும் ஆங்கிலப் பத்திரிகையாளரிடம் ஹவுஸா அறிவு ஒரு தகைமையாகக் கோரப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகர் தாமே விலை கொடுத்து வாங்கும் பத்திரிகை தேவை. இது கனவன்று என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2006 முதல் டெய்லி டிரஸ்ட் குழுமம் 'அமினியா' எனும் ஹவுஸா வார இதழை வெளியிட்டு வந்துள்ளது. அதற்கும் முன்பே, 1980களின் இறுதியிலிருந்து, அரச உதவியோ வெளிநாட்டுப் பணமோ இன்றிக் கானோச் சந்தையில் ஹவுஸா நாவல்கள் பெருகின. அவற்றை எழுதியோரிலும் வாசித்தோரிலும் பெண்கள் மிகப் பலர். அவ்வரிசையில் பலராபா ரமத் யகூபு எழுதிய நாவல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2012 இல் வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் என்பது நமக்குச் சிறு பெருமை. குடும்பப் பிணக்குகளைப் பேசும் கதைக்காகத் தன் கைக்காசைச் செலவிடும் வாசகர் கூட்டம் ஒன்று அங்கே இருக்கின்றது. தனது ஊரின் வரவு செலவையும் தனது பிள்ளைகளின் பாதுகாப்பையும் பற்றிய உண்மைக்கு அக்கூட்டம் செலவிட மாட்டாது என்று எண்ணுவதற்குக் காரணமில்லை. அத்தகைய இதழை அவர்கள் கைக்கு எட்டும் விலையில் கொண்டு சேர்ப்பவர்களே குறைவு.

இமாம் தமது பத்திரிகைக்கு இடப்பட்ட பெயருக்கு மொழியளவில் உண்மையாக இருந்தார். காசு விடயத்தில் அவரது காலம் அவரை அனுமதிக்கவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. உண்மை காசினும் பெரிது என்பது மெய்யே. எனினும் அவ்வுண்மையைத் தேடிச் செல்பவரின் பயணச் செலவை யார் கொடுக்கின்றார் என்பதையும், அவர் தாம் கண்டதை எம்மொழியில் முதன்முதலாக எழுதுகின்றார் என்பதையும் பொறுத்தே அது மக்களிடம் எவ்வளவு சேதமின்றி வந்து சேரும் என்பது தீர்மானமாகும். ஹவுஸா மொழியின் நலன் நாடுவோர் முதலில் விடை காண வேண்டிய வினாக்கள் இவ்விரண்டுமே.